கழிக்கத் தெரிந்த கை

நங்கநல்லூரில் எங்கள் மொட்டைமாடியில் பதினாறு தொட்டிகளில் நெல் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்க்க நான்கைந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒருத்தி கோயம்புத்தூரில் பயிர் இனப்பெருக்கம் முதுநிலை படிக்கிறாள், விடுமுறைக்கு வருகிறவள். ஒருவன் விதைக் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மற்றவர்கள் இந்த வருஷம்தான் வேளாண் கல்லூரியில் இடம் வாங்கினார்கள். "தாத்தா, எதிலிருந்து ஆரம்பிக்கணும்?" என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. மாடியில் நின்று வாயால் சொன்னது போதவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். முப்பத்தைந்து வருஷம் நெல்லோடு இருந்தவன் எழுதுவது. நெல்தான் அதிகம் வரும்.

பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் சைதாப்பேட்டை. 1868-இல் அங்கே தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்குப் போனது. 1971-இல் அதுவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. நீங்கள் படிக்கிற படிப்பு நம் பக்கத்து ஊரில் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் கண்ணைப் பழக்குங்கள். முதல் பருவத்தில் ஐம்பது செடிகளைக் குறித்துக்கொண்டு, நாற்று நட்டதிலிருந்து அறுவடை வரை அவற்றையே தினமும் பாருங்கள். காலை வெயில் முதுகில் படும்படி நடந்தால் இலையின் நிறம் ஏமாற்றாது. புதியவர்கள் எல்லோரும் கதிரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து தூரைப் பாருங்கள். தண்டு தடிமனா, அடி இலை எப்போது காய்கிறது, எத்தனை தூர் கதிர் விடாமல் நின்றுவிடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கண் என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. கோயம்புத்தூரில் நெல் இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கியது. அங்கே கோணமணி என்ற ரகம் நின்ற வயலில், மற்றவற்றைப் போல் இல்லாத ஒரு செடி யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. இயற்கையாக நேர்ந்த ஒரு மாற்றம். அதைத் தனியே எடுத்துப் பெருக்கி 1921-இல் ஜி.இ.பி. 24 என்று வெளியிட்டார்கள். கிச்சிலிச் சம்பா என்று ஜனங்கள் கொண்டாடிய சன்ன அரிசி அது. அதோடு கோ 18-ஐச் சேர்த்துத் திரூரில் டி.கே.எம். 6 வந்தது. டி.கே.எம். 6-ஐப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு பெற்றோராக வைத்து 1969-இல் ஐ.ஆர். 20 வந்தது. அதே ஜி.இ.பி. 24-ஐ ஜப்பானிய நெல்லான நோரின் 10-ஓடு சேர்த்த வழியில், ஆடுதுறையில் ஏ.டி.டி. 27 வந்து தஞ்சாவூர்க் குறுவையை மாற்றியது. (கோதுமையிலும் ஒரு நோரின் 10 உண்டு. போர்லாக்கின் குட்டைக் கோதுமைக்குப் போனது அது. இரண்டையும் ஒன்று என்று எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் எழுதாதீர்கள்.) இத்தனைக்கும் தொடக்கம், ஒரு வயலில் ஒருவர் நடையை நிறுத்தி ஒரு செடியைப் பார்த்தது.

இதற்குப் பட்டம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். மகாராஷ்டிராவில் சந்திரப்பூர் மாவட்டத்துச் சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே, 1983-இல் தன் வயலில் பட்டேல் 3 என்ற ரகத்துக்கு நடுவே வித்தியாசமான சில கதிர்களைக் கண்டார். தனியே எடுத்து வைத்தார், விதைத்தார், மறுபடி பொறுக்கினார். அது பெரிய அளவில் பரவியபோது, அப்போது எல்லோர் கையிலும் இருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. என்றே அந்த அரிசி அறியப்பட்டது.

2. கழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கஷ்டமானது இதுதான். இதை எந்தப் புத்தகமும் அழுத்திச் சொல்வதில்லை. ஒரு கலப்பின் முதல் தலைமுறைச் செடிகள் அண்ணன் தம்பி போல ஒரே மாதிரி நிற்கும். இரண்டாம் தலைமுறையில் பிரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் நட்டால் உயரம், நிறம், வயது, மணி எல்லாம் ஆயிரம் விதமாக இருக்கும். அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நீங்கள் தூக்கிப் போட்டே ஆக வேண்டும். நிலம் கொள்ளாது, கூலி கட்டாது, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் எதையும் சரியாகப் பார்க்கவும் முடியாது.

ஐ.ஆர். 8-இன் முழுப் பெயர் ஐ.ஆர். 8-288-3. எட்டாவது கலப்பு, 288-வது வரிசை, அதில் மூன்றாவது செடி. இந்தோனேசியாவின் உயரமான பீட்டாவையும் தைவானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் பீட்டர் ஜென்னிங்ஸ் 1962-இல் சேர்த்தார். 1966-இல் ரகம் வெளிவந்தது. தென்னார்க்காட்டில் ஒரு விவசாயி, வீட்டை நிமிர்த்திய அந்த நெல்லின் பெயரைத் தன் மகனுக்கே வைத்தார். அந்த மூன்று எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதில் இல்லாத எண்கள்தான் ஞாபகம் வரும். மற்ற வரிசைகள், அந்த வரிசையிலேயே மற்றச் செடிகள், எல்லாம் போய்விட்டன. யாரோ ஒருவர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கழித்திருக்கிறார்.

நான் கழிக்காமல் விட்டதைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் இருந்தது என் வரிசைகளில். குடும்பம் என்றால் ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள். அழகென்றால் அப்படி ஓர் அழகு: நிமிர்ந்த கொடி இலை, நீளக் கதிர். வருகிறவர்கள் எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வொரு பருவமும் அதில் பதர் அதிகம் இருந்தது. குளிர் என்றேன், தண்ணீர் தாமதம் என்றேன், பூக்கும்போது மழை என்றேன். நான்கு வருஷம் வைத்திருந்தேன். ஐந்தாவது வருஷம், வயலில் களை எடுக்கும் ஓர் அம்மா, "சாமி, இது பூ மட்டும்தான் பூக்கும்" என்றார். அன்றைக்கே நிறுத்தினேன். அந்த நான்கு வருஷம் அந்த இடத்தில் வேறு ஏதாவது நின்றிருக்கலாம்.

3. நல்ல வருஷத்தை நம்பாதீர்கள். தண்ணீர் தாராளம், உரம் நேரத்துக்கு, பூச்சி இல்லை என்றால் எந்த ரகமும் நன்றாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை வயலைப் புரட்டிப் போட்ட மறுநாள் காலை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். எது சாய்ந்தது, எது சாய்ந்தும் நிமிர்ந்தது, எது நின்றது என்று அன்றைக்கு எழுதும் ஒரு பக்கம், நல்ல வருஷத்துப் பத்துப் பக்கத்துக்குச் சமம். குறுவை அறுவடை சில வருஷம் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். அப்போது கதிரிலேயே முளைத்துவிடும் நெல்லை மூட்டை கட்ட முடியாது. அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று வாரமாவது விதை உறங்க வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான்.

4. மண் செய்ததைச் செடி செய்ததாக எண்ணி ஏமாறாதீர்கள். பக்கத்தில் ஒரு குத்து செத்துப்போன இடத்தில் நிற்கும் செடி, கிடைத்த இடத்தில் அதிகம் தூர் கட்டும். வரப்போரச் செடி வெளிச்சம் அதிகம் வாங்கிப் பெருக்கும். அவற்றைப் பொறுக்கி வந்து பெருமைப்படாத புதியவர் யாரும் இல்லை. 1903-இல் டென்மார்க்கின் யோஹான்சன் அவரை வகைப் பயறு ஒன்றை வைத்து இதைக் காட்டினார்: ஒரே தூய வழியில் வந்த விதைகளில் பெரியதைப் பொறுக்கினாலும் சிறியதைப் பொறுக்கினாலும் அடுத்த தலைமுறையின் சராசரி மாறவில்லை. அங்கே வேறுபாடு மண்ணும் பருவமும் செய்தது. பொறுக்கி எடுக்க உள்ளே ஒன்றும் இல்லை.

ஆகவே ஓரச் செடிகளை விட்டுவிடுங்கள். சில வரிசைகளுக்கு ஒரு முறை, ஊரார் இப்போது பயிரிடும் ரகத்தை நடுங்கள். அதை 'செக்' என்போம். உங்கள் செடியை எப்போதும் அந்தப் பக்கத்துச் செக்கோடு ஒப்பிடுங்கள். நேற்றைய நினைவோடு ஒப்பிடாதீர்கள். அது பிடித்த செடிக்குச் சாதகமாகவே பேசும். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குங்கள். இதை ரோதாம்ஸ்டெட்டில் ஃபிஷர் உலகத்துக்குச் சொன்னார். நம் நாட்டு வயலுக்கு ஏற்ப பான்சேயும் சுகாத்மேயும் புத்தகமாக எழுதினார்கள். என் காலத்தில் அந்தப் புத்தகம் எங்கள் எல்லோர் மேஜையிலும் இருந்தது. கணக்கு வராது என்று ஒதுங்குகிறவர்களுக்கு இந்தத் துறையில் இடமில்லை. கடுமையாகத்தான் சொல்கிறேன்.

5. விளைச்சல் என்று தனியாக ஒரு குணம் கிடையாது. ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, அதில் எத்தனை பால் பிடித்து நிறைந்தது, ஆயிரம் மணி எடை என்ன: இந்த நான்கையும் பெருக்கினால் வருவதுதான் விளைச்சல். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையப் பார்க்கும். தூர் அதிகமானால் கதிர் சிறுக்கும். கதிரில் மணி அதிகமானால் அடியில் இருக்கும் மணிகள் கருக்காயாகப் போகும். எல்லாவற்றையும் நிரப்ப இலையும் தண்டும் மாவு தர வேண்டும்.

குட்டை நெல் செய்த காரியத்தையும் இப்படியே பாருங்கள். பழைய உயர நெல்லுக்குத் தழைச்சத்து அதிகம் போட்டால் வளர்ந்து சாய்ந்துவிடும். டீ-ஜியோ-வூ-ஜென்னிலிருந்து வந்த குட்டை மரபணுவில், செடியை நீட்டும் ஜிப்ரலின் என்ற ஊக்கி சரியாக உண்டாகாது. 2002-இல்தான் அந்த மரபணு எது என்று கண்டார்கள். செடி குட்டையானதால் போட்ட உரம் தண்டுக்குப் போகாமல் மணிக்குப் போனது, சாயாமல் நின்றது. அதில் வைக்கோல் குறைந்ததை மறக்காதீர்கள். மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு வைக்கோலும் மகசூல்தான். ஆராய்ச்சி நிலையத்தின் தராசில் அது ஏறுவதே இல்லை.

6. கையை நீங்களே பழக்குங்கள், உதவியாளரிடம் விடாதீர்கள். நெல் தன் பூவிலேயே தான் கருவுறும் பயிர். அதைக் கலப்பதென்றால் அதற்கு முந்திக்கொண்டு வேலை செய்ய வேண்டும். தாயாக வைக்கும் செடியில், பாதி வெளிவந்த கதிராகப் பாருங்கள். உச்சியில் ஏற்கெனவே திறந்துவிட்ட பூக்களைக் கத்தரித்துவிடுங்கள். அடியில் இளசாக இருப்பவற்றையும் எடுத்துவிடுங்கள். நடுவில் இருப்பவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே மகரந்தப்பைகள் உமியின் பாதி உயரத்துக்கு ஏறி நிற்பது நிழலாகத் தெரியும். அவை நாளைக்குத் திறக்கும். நமக்கு வேண்டியவை அவைதான்.

சாயங்காலத்திலோ விடியற்காலையிலோ, உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்டுங்கள். உள்ளே ஆறு மகரந்தப்பைகள் இருக்கும். ஆறையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டால் மொத்த வேலையும் வீண். பிரஷ் போல இருக்கும் சூல்முடியில் இடுக்கி படக் கூடாது. பட்டர் பேப்பர் கவர் போட்டு மூடி, சீட்டுக் கட்டுங்கள். மறுநாள் ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் தந்தைச் செடி பூத்திருக்கும்போது அந்தக் கதிரை ஆடாமல் கொண்டுவந்து, கவரைத் திறந்து மேலே தட்டுங்கள். மகரந்தம் பொடியாகப் பறப்பது வெயிலில் தெரியும். நெல் மகரந்தத்துக்குச் சில நிமிஷங்கள்தான் உயிர். பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தால் செத்த தூளைத்தான் தட்டுவீர்கள். நான்கைந்து நாளில் வெட்டின உமிக்குள் பச்சையாகச் சூலகம் பருத்திருந்தால் பிடித்துவிட்டது. அந்த விதைக்குப் பாதி உமிதான் இருக்கும். எறும்பிடமிருந்தும் பூசணத்திடமிருந்தும் காப்பாற்றுங்கள்.

இன்னொன்று. முடிந்தால் தந்தையாக ஊதா அடித்தண்டு மாதிரி கண்ணுக்குத் தெரியும் ஓங்கு குணம் உள்ளதை வையுங்கள். முளைத்ததில் ஊதா இல்லாதது தாய் தன்னில் தானே கருவுற்றது, பிடுங்கிப் போட்டுவிடலாம். என் முதல் வருஷத்தில் நூற்று இருபது விதைகள் எடுத்தேன் என்று சந்தோஷப்பட்டேன். அதில் உண்மையான கலப்பு முப்பதுகூட இல்லை.

7. பென்சிலால் எழுதுங்கள். மழையில் மை ஓடும், பென்சில் ஓடாது. மூட்டைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. நோட்டில் எண் இல்லாத விதை விதையே இல்லை, அது சோற்றுக்குப் போகலாம்.

8. ஒரே செடியை ஊர் முழுக்க நிறுத்தாதீர்கள். இந்த எச்சரிக்கைக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். நல்ல ரகம் ஒன்று வந்தால் விவசாயி அதைத்தான் போடுவார். அது அவர் உரிமை, அவர் பிழைப்பு. ஆனால் நோய்க்குக் கண் உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கும் ஒரே பயிர் நின்றால் அதை உடைக்கும் நோய்வகை ஒன்று எப்படியும் தேறி வந்துவிடும்.

கம்பைப் பாருங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வழியை வைத்து 1965-இல் லூதியானாவில் அத்வால் எச்.பி. 1 என்ற முதல் வீரிய ஒட்டுக் கம்பை உண்டாக்கினார். மகசூல் பாய்ந்து ஏறியது. அடுத்தடுத்து வந்த வீரிய ஒட்டுகளுக்கும் அதே தாய். 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்து அவற்றைச் சாய்த்தது. தாய் ஒன்றாக இருந்ததால் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே பலவீனம் இருந்தது.

இது பழங்கதை என்று நினைத்தால் கரும்பைப் பாருங்கள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கர்னால் மையத்தில் பக்ஷி ராம் உருவாக்கிய கோ 0238, 2009-இல் வெளிவந்தது. கரும்பின் எடையையும் சர்க்கரைச் சத்தையும் ஒன்றாக உயர்த்திய அபூர்வ ரகம். உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி அதுவாகவே ஆனது. பிறகு செவ்வழுகல் நோய் அதைப் பிடித்தது. இப்போது அங்கே ரகத்தை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பக்ஷி ராமின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ரகத்தின் வெற்றிதான் அதற்கு எமனானது. ஆகவே உங்கள் ரகம் வெளியான அன்றே அதற்கு மாற்றாக வேறு பெற்றோரில் வந்த ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.

9. வயலில் கழியுங்கள், விதைப் பெட்டியில் எதையும் கழிக்காதீர்கள். இரண்டாவது அறிவுரையை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உங்கள் வரிசைகளில் உதவாதது நாளைக்கு யாருக்கோ உயிர்.

1970-களில் புகையான் பூச்சி பரப்பும் புல் குட்டை நோய் ஆசியாவின் நெல்லை அழித்தது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். சோற்றுக்கு ஆகாத, மணி உதிரும் புல் அது. குர்தேவ் குஷ் அதன் அந்த ஒரு குணத்தை மட்டும் இழுத்து நல்ல நெல்லுக்குள் கொண்டுவந்தார். 1976-இல் வந்த ஐ.ஆர். 36-இல் அது இருக்கிறது.

ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ இன்னொன்று. சாதாரண நெல் வெள்ளத்தில் மூழ்கினால் மூச்சு வாங்க மேலே நீளப் பார்க்கும். அதிலேயே சேமிப்பைச் செலவழித்துச் சாகும். இது அசையாமல் கிடக்கும். இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் இருந்தாலும் வடிந்ததும் துளிர்க்கும். சப்1 என்ற அந்த மரபணுவை 2006-இல் பிரித்தறிந்தார்கள். ஸ்வர்ணா என்ற ரகத்துக்குள் கொண்டுவந்து 2009-இல் நம் நாட்டில் வெளியிட்டார்கள். நம் காவிரிப் படுகைச் சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப்1 இருக்கிறது. 2015 டிசம்பரில் நம் தெருவிலேயே தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் நீங்கள். அந்த மாதிரி வாரத்தில் வயலில் அகப்பட்ட பயிரை நினைத்துப் பாருங்கள்.

நம்மூர் நெல்லும் அப்படி வெளியே போய்க் காத்திருக்கிறது. அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பட்டாம்பியின் பி.டி.பி. 33 இரண்டும் புகையானைத் தாங்கும் குணத்துக்காக உலகம் முழுவதும் பயன்படுகின்றன. கேரளத்துப் பொக்காளி உப்பைத் தாங்கும். கரும்பில் பார்பரும் வெங்கட்ராமனும் வெள்ளை என்ற நல்ல கரும்பையும் ஆற்றங்கரை நாணலையும் சேர்த்து 1918-இல் கோ 205 கொடுத்தார்கள். நாணலைக் கரும்போடு சேர்ப்பதென்பது அன்றைக்கு எவ்வளவு துணிச்சலான நினைப்பு!

பாரம்பரிய நெல்லைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில் திருவிழாவாக வைத்து ஊர் ஊராகக் கொடுத்தவர் நெல் ஜெயராமன். 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் திரட்டியவர், 2018-இல் மறைந்தார். ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்கள் ஒரு பக்கம், பாரம்பரிய நெல்காரர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு கட்சியாக நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவரிடம் இருந்த மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இல்லாமல் நாளைய பிரீடர் எதைக் கலப்பார்? மகசூல் கணக்கில் பாரம்பரிய ரகம் எல்லா இடத்திலும் வெல்லும் என்று சொல்வதையும் நான் ஏற்பதில்லை. இரண்டையும் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

10. சமைத்துப் பாருங்கள். ஐ.ஆர். 8 பசியை ஆற்றியது. அதன் சோறு ஆறினால் விறைத்தது, அரிசி சுண்ணாம்பு வயிற்றோடு இருந்தது. வாய்ப்புக் கிடைத்ததும் ஜனங்கள் அதை விட்டுவிட்டார்கள். மலேசியாவில் பிறந்த மசூரி இங்கே பொன்னியாகி, அதிலிருந்து பொறுக்கிய வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளிவந்தது. உயரமான செடி, சாயும். மகசூலில் அதை மிஞ்சிய ரகங்கள் எத்தனையோ வந்தன. ஆனாலும் நங்கநல்லூர்க் கடையில் போய்க் கேளுங்கள். பொன்னி என்ற பெயருக்கு இன்றைக்கும் விலை இருக்கிறது. பக்கத்து மூட்டையில் இட்லி அரிசி என்று இருக்கும் குண்டு அரிசிக்குத் தனிக் கூட்டம். ஏ.எஸ்.டி. 16, ஏ.டி.டி. 37 போன்றவை அந்த வேலைக்கு நின்றவை. ஒன்றில் மாவு பொங்கும், ஒன்றில் பொங்காது. எங்கள் வீட்டில் என் ஒவ்வொரு முன்னேறிய வரிசையும் உலையில் ஏறியிருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு என் மனைவி சொன்னதை நோட்டில் ஒரு கட்டமாகவே எழுதி வைத்தேன்.

11. புதுக் கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். அதைக் கண்டு மயங்க வேண்டாம். சம்பா மசூரி பாக்டீரியா இலைக்கருகலில் விழும். ஹைதராபாதில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை, டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து அதற்குள் சேர்த்து 2008-இல் மேம்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டார்கள். மூன்றும் ஒரே செடியில் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்லவே முடியாது. அங்கே கருவி வேண்டும். 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல்லை அறிவித்தார்கள். ஒன்று அதே சம்பா மசூரியிலிருந்து வந்த டி.ஆர்.ஆர். தான் 100, கமலா என்று பெயர். மற்றது எம்.டி.யு. 1010-இலிருந்து வந்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. எனக்கு அதில் ஆர்வம் உண்டு, வயலில் பல இடத்தில் பல வருஷம் பார்க்க வேண்டும் என்ற நிதானமும் உண்டு. இரண்டுமே ஏற்கெனவே விவசாயி ஏற்றுக்கொண்ட நல்ல ரகத்தின் மேல் கட்டியவை என்பதைக் கவனியுங்கள். அந்த அடித்தளத்தைக் கண்ணும் கையும்தான் போட்டன.

12. வெளியிட்டதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வல்லுநர் விதை மஞ்சள் அட்டை, ஆதார விதை வெள்ளை, சான்று விதை நீலம். அந்த மஞ்சள் அட்டை மூட்டை உங்கள் கையில்தான் இருக்கும். அதில் கலவன், அதாவது வேறு ரகம், ஏறினால் கீழே ஆயிரம் வயலில் ஏறும். கலவன் எடுக்கிற நாள் நீங்களே வயலில் இறங்குங்கள்.

13. காலம் உங்களுடையது இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். நெல்லில் ஒரு ரகத்துக்கு எட்டு, பத்து வருஷம். தென்னையில் அதற்கு மேல். 1932-இல் நீலேஸ்வரத்தில் ஜே.எஸ். படேல் நெட்டையையும் குட்டையையும் கலந்தார். நம் நாட்டுத் தென்னை வீரிய ஒட்டுக்கு அதுதான் தொடக்கம். அந்தக் கன்று காய்க்க எத்தனை வருஷம் நின்றிருக்க வேண்டும்! மண்டியாவில் லட்சுமணய்யா நம்மூர்க் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் சேர்த்து இண்டாஃப் வரிசையைக் கொடுத்தார். கேழ்வரகுப் பூ நெல்லைவிடச் சிறியது. அதைக் கலக்க உட்கார்ந்தவருடைய முதுகை நான் நினைத்துப் பார்ப்பேன்.

ஜானகி அம்மாளைப் படியுங்கள். ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களைப் பார்த்தவர். டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்களின் குரோமோசோம் அட்லஸைக் கொண்டுவந்தவர். 1984-இல் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது காலமானார், எண்பத்தாறு வயதில். இங்கிருந்து மதுரவாயல் ஒரு பஸ் தூரம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன்.

14. வரும் ஞாயிறு ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். கூர்மையான சிறு கத்தரிக்கோல், இடுக்கி, பட்டர் பேப்பர் கவர், பென்சில் கொண்டுவாருங்கள். தொட்டி எண் 4, 9, 11 மூன்றிலும் பாதிக் கதிர் வெளியே வந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அவற்றின் மகரந்தப்பைகளை நான் எடுத்து மூடி வைக்கிறேன், ஒன்றை மட்டும் உங்கள் கைக்கு விட்டுவைக்கிறேன். ஊதா அடித்தண்டு இருப்பது 14-ஆம் தொட்டி. ஒன்பது மணிக்கு அதில் பூ திறக்கும்.